இணைப்பில் நிற்கும் உயரம்: வடசென்னையின் எஃகுக் கட்டமைப்புகளும் நிலநடுக்கமும்

சென்னையில் எஃகால் எழுந்த உயரமான கட்டமைப்புகளைத் தேடுபவர் அண்ணா சாலைக்கோ பழைய மாமல்லபுரம் சாலைக்கோ போனால் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். 1959-இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் நகரின் உயரத்துக்கே அடையாளமாக நின்ற எல்.ஐ.சி. கட்டடம் கான்கிரீட்டால் ஆனது. அதற்குப் பின் எழுந்த அடுக்குமாடிகளிலும் பெரும்பாலானவை கான்கிரீட்டே. எஃகுத் தூண்களும் எஃகு உத்தரங்களும் அறுபது மீட்டருக்கு மேல் ஏறி நிற்கும் கட்டமைப்புகள் நகரின் வடக்கு ஓரத்தில், காலடிப்பேட்டையைக் கடந்து எண்ணூர் வழியாக அத்திப்பட்டு, வல்லூர் வரை நீளும் தொழிற்பட்டையில்தான் இருக்கின்றன. அவற்றில் யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் மூன்று ஷிப்டிலும் ஆட்கள் அவற்றின் தளங்களில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் உயர எஃகுக் கட்டடங்கள் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தமிழகத்தில் கேட்பதானால் அனல்மின் நிலையங்களின் பாய்லர் கட்டமைப்புகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்கும் பாத்திரம் அல்ல என்பதைப் பொதுமக்களில் பலர் அறிந்திருப்பதில்லை. நிலக்கரி எரியும்போது பல மாடி உயரமுள்ள அதன் குழாய்ச் சுவர்கள் சூடேறிக் கீழ்நோக்கி நீள்வதால், அந்த நீட்சிக்கு இடம் விட்டு, பல ஆயிரம் டன் எடையுள்ள முழு பாய்லரும் உச்சியிலிருக்கும் பெரிய எஃகு உத்தரங்களிலிருந்து கம்பிகளால் தொங்கவிடப்படுகிறது. அதைச் சுற்றி நிற்கும் தூண்களும், குறுக்கே மூலைவிட்டமாகப் பூட்டிய பிரேசிங் சட்டங்களும்தான் கட்டடம். பாய்லர் அதற்குள் ஆடும் குண்டு. எடையின் பெரும்பகுதி உச்சியில் தொங்குவதால், தரை ஆடும்போது இந்தக் கட்டமைப்பு எதிர்கொள்ளும் விசை, அதே உயரமுள்ள அலுவலகக் கட்டடத்தின் விசையிலிருந்து அளவிலும் பரவும் விதத்திலும் மாறுபடும். 1970-களில் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களின் நடுவில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் அலகுகள், பிறகு வந்த இரண்டு 600 மெகாவாட் அலகுகள், வல்லூரின் மூன்று 500 மெகாவாட் அலகுகள், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அலகு என, ஐம்பது ஆண்டுகளின் எஃகுக் கட்டுமான முறைகள் சில கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து எழுந்த இடம் இது.

இந்த ஐம்பது ஆண்டுகளில் நிலநடுக்கம் பற்றிய நாட்டின் மதிப்பீடு தலைகீழாக மாறியது. தீபகற்ப இந்தியா பழமையான கெட்டிப் பாறை, அங்கே பெரிய நடுக்கம் வராது என்பதே நெடுநாள் நம்பிக்கை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவிலான நடுக்கம் வந்திருந்தும் அந்த நம்பிக்கை குலையவில்லை. 1967-இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நேர்ந்த நடுக்கம் அதை அசைத்தது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியைச் சுற்றிய ஊர்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டபோது அது உடைந்தது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கத்தில் சென்னை மக்கள் வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

மண்டல மாற்றம் என்பது வரைபடத்தில் வண்ணம் மாறுவதோடு முடிவதில்லை. 1984-ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் இரண்டாம் மண்டலத்துக்கான அடிப்படைக் குணகம் 0.02, மூன்றாம் மண்டலத்துக்கு 0.04. பழைய அட்டவணையின் கணக்கிலேயே பார்த்தாலும், சென்னைக் கட்டடம் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை இருமடங்காகிறது. ஆகவே வடசென்னையில் ஒரு கட்டமைப்பின் வயதைத் திறப்பு விழாக் கல்வெட்டைப் பார்த்துச் சொல்வதைவிட, அதன் வரைபடம் எந்த விதித்தொகுப்பின் கீழ் கையெழுத்தானது என்று பார்த்துச் சொல்வதே சரி. 2002-க்கு முன் வரையப்பட்டது நிலநடுக்கக் கணக்கில் ஒரு தலைமுறை. அதற்கும், எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 விதித்தொகுப்பு முழுதாக மாற்றி எழுதப்பட்ட 2007-க்கும் இடைப்பட்டது இன்னொரு தலைமுறை. அதற்குப் பிந்தையது மூன்றாவது. இந்த மூன்றில் புதியதே எப்போதும் பத்திரமானது என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் உலக அனுபவம் அவ்வளவு நேராகச் செல்லவில்லை. அந்தக் கோணலே இவ்வுரையின் மையம்.

அதற்கு முன் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஊஞ்சலுக்கு அதன் கயிற்றின் நீளத்துக்கு ஏற்ற ஆட்டம் இருப்பதுபோல, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கே உரிய ஆட்டம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை இயல்பு அலைவு நேரம் என்பர். திருவொற்றியூர்த் தேரடியில் வடம் பிடிப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல: சக்கரத்தின் அடியில் கட்டை விழுந்து தேர் திடீரென நிற்கும்போது அடித்தட்டு அசையாமல் நிற்க, உச்சி மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் போய்வரும். எஃகுச் சட்டகக் கட்டடங்களுக்கு இந்த நேரத்தை உயரத்திலிருந்து தோராயமாகக் கணிக்கும் சூத்திரம் ஐ.எஸ். 1893-இல் இருக்கிறது, அதன்படி 20 மீட்டர் கட்டடத்துக்கு 0.8 வினாடி, 60 மீட்டருக்கு ஏறத்தாழ 1.8 வினாடி. அருகில் நேரும் சிறு நடுக்கம் வேகமாக, படபடவென்று தரையைக் குலுக்கும். அது தாழ்ந்த கட்டடங்களையே அதிகம் தாக்கும். நெடுந்தொலைவில் நேரும் பெரும் நடுக்கத்தின் வேக அலைகள் வழியிலேயே தேய்ந்துபோக, மெதுவான அலைகள் மட்டும் வந்து சேரும். அவை உயர்ந்த கட்டடங்களின் இயல்பு ஆட்டத்தோடு தாளம் சேரக்கூடியவை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம் ஏற்பட்டபோது சென்னையின் மாடி அலுவலகங்களில் இருந்தவர்கள் நாற்காலி நகர்வதை உணர்ந்து இறங்கி ஓடி வர, தெருவில் நடந்துகொண்டிருந்த பலர் எதையும் உணராமல் போனதன் காரணம் இதுதான்.

தொலைவு காப்பாற்றும் என்ற ஆறுதலை மூன்று நகரங்கள் பொய்யாக்கியிருக்கின்றன. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் நேர்ந்த நடுக்கம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால் பழைய ஏரிப்படுகையின் மேல் அமைந்த மெக்சிகோ நகரத்தை வந்து தாக்கியது. அந்த மென்களிமண் ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது. அதே ஆட்டமுள்ள நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகம் வீழ்ந்தன. பினோ சுவாரஸ் வளாகத்தின் 21 மாடி எஃகுக் கோபுரம் ஒன்று, பட்டைகளை வெல்டிங் செய்து பெட்டிபோல் அமைத்த தூண்கள் நசுங்கி, அருகிலிருந்த 14 மாடிக் கட்டடத்தின் மேல் சரிந்தது. 2011 மார்ச் 11 அன்று, நடுக்க மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒசாகாவின் சகிஷிமா அரசு அலுவலகம், 256 மீட்டர் உயரமுள்ள 55 மாடிக் கட்டடம், பத்து நிமிடம் போல ஆடியது. உச்சியின் மொத்த வீச்சு இரண்டரை மீட்டரைத் தாண்டியது. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நேர்ந்த நடுக்கத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கின் களிமண் மேல் கட்டப்பட்டுவந்த முப்பது மாடிக் கான்கிரீட் கட்டடம் தரைமட்டமானது. தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூர், தன் மண்ணில் நடுக்க மையம் ஏதும் இல்லாதிருந்தும், சுமத்ராவின் தொலைதூர அலைகளைக் கருதி, மென்மண்ணில் எழும் உயரமான கட்டடங்களுக்கு 2013 முதல் நிலநடுக்கக் கணக்கைக் கட்டாயமாக்கியிருப்பதும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது.

மெக்சிகோவிலும் பாங்காக்கிலும் மண்ணுக்கு இருந்த பங்கு வடசென்னையிலும் இருக்கிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பாறை மேலேயே தெரிகிறது. வடக்கே வர வர அது ஆழத்தில் இறங்கி, மேலே மணலும் களிமண்ணும் வண்டலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் அவர் பெயரைப் பெற்ற காலடிப்பேட்டை, கிழக்கே வங்கக்கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் இருக்க, நடுவே கிடக்கும் மணல் திட்டில் அமைந்த ஊர். எண்ணூர்க் கழிமுகமும் கொசஸ்தலையாறும் சூழ்ந்த பகுதியில் மண் இன்னும் இளகியது. உயரமான, மெதுவாக ஆடும் கட்டடங்களுக்கு, பாறை மேல் 1.00 என்றால் நடுத்தர மண்ணில் 1.36, மென்மண்ணில் 1.67 என்ற விகிதத்தில் விசையைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது ஐ.எஸ். 1893. ஒரே வரைபடத்தைக் கொண்டு பரங்கிமலைப் பாறையில் ஒன்றும் எண்ணூரில் ஒன்றுமாகக் கட்டினால், எண்ணூர்க் கட்டடம் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விசையைத் தாங்கியாக வேண்டும் என்று பொருள். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தளர்ந்த மணல் நெடுநேரம் குலுங்கினால், மணற்துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் ஏறித் துகள்கள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும்; அப்போது மண் சிறிது நேரத்துக்குத் திரவம்போல் நடந்துகொள்ளும். மண் திரவமாதல் எனப்படும் இந்நிகழ்வில் கட்டடம் உடையாமலே சாயலாம். பைல் அடித்தளம் கெட்டியான ஆழ அடுக்குவரை போயிருக்கிறதா என்பதே அங்கே தலையாய கேள்வி.

இனி எஃகுக்கு வருவோம். எஃகின் பெருமை அதன் வலிமையில் மட்டும் இல்லை, நீள்மையில் இருக்கிறது. மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்தால் அது உடனே ஒடியாமல் வளைந்தே நிற்கும். பலமுறை வளைத்து நிமிர்த்திய பிறகே ஒடியும். ஒடியாமல் வளைந்து கொடுத்து ஆற்றலை விழுங்கும் இந்தத் தன்மையே நீள்மை. விதித்தொகுப்பு இந்தத் தன்மையின் மேல் பெரிய பந்தயம் ஒன்றைக் கட்டியிருக்கிறது. மூன்றாம் மண்டலத்தில், மென்மண்ணில், 60 மீட்டர் உயரமுள்ள சாதாரண எஃகுச் சட்டகக் கட்டடத்தைக் கணக்கிட்டால், கட்டடம் சற்றும் நெளியாமல் நிற்பதற்கு அதன் எடையில் ஏறத்தாழ 7.3 விழுக்காடு விசையைத் தாங்க வேண்டும். இணைப்புகள் சிறப்பு முறையில் அமைந்திருந்தால் இந்த விசையை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம் என்று விதித்தொகுப்பு அனுமதிக்கிறது. அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளும் விசை எடையில் 1.5 விழுக்காடுதான். மீதி நான்கு பங்கை எஃகு வளைந்து கொடுத்து ஈடுகட்டிவிடும் என்பது நம்பிக்கை. உத்தரத்தின் நடுப்பகுதியில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. உத்தரமும் தூணும் சந்திக்கும் ஒரு முழம் இடத்தில்தான் அது சோதிக்கப்படுகிறது.

1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் 6.7 அளவில் நடுக்கம் வந்தபோது எஃகுச் சட்டகக் கட்டடம் ஒன்றுகூட இடிந்து விழவில்லை. பொறியாளர்கள் நிம்மதி அடைந்தார்கள். வாரங்கள் கழித்து, மின்தூக்கி ஏன் சரியாக ஓடவில்லை, கதவு ஏன் பொருந்தவில்லை என்று பார்க்கப்போனபோதும், தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோதும், நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரம்–தூண் வெல்டிங்குகள் வெடித்திருப்பது தெரியவந்தது. சில இடங்களில் வெடிப்பு வெல்டிங்கோடு நிற்காமல் தூணின் தடித்த பட்டைக்குள்ளும் ஓடியிருந்தது. வளைந்து கொடுக்க வேண்டிய எஃகு, கண்ணாடிபோல் நொறுங்கு முறிவாக முறிந்திருந்தது. அதிர்ச்சி அதோடு முடியவில்லை: முப்பது ஆண்டுப் பழமையான கட்டடங்களோடு, புத்தம் புதியவையும், இன்னும் கட்டி முடியாதவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஏன் அப்படி ஆனது என்பதை ஒரே ஓர் இணைப்பை அருகில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஐ வடிவ உத்தரத்தின் மேல்பட்டையையும் கீழ்பட்டையையும் தூணோடு சேர்க்க, வெல்டர் உத்தரத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்கிறார். உருகிய உலோகம் கீழே ஒழுகாமல் இருக்கப் பட்டையின் அடியில் ஒரு சிறு எஃகுப் பட்டி வைக்கப்படுகிறது. பேக்கிங் பட்டி என்று பெயர். மேல்பட்டையை ஒரே ஓட்டமாக முனைக்கு முனை வெல்டிங் செய்துவிடலாம். கீழ்பட்டையிலோ நடுவில் உத்தரத்தின் நெஞ்சுத்தகடு குறுக்கே நிற்பதால், வெல்டர் ஒரு பக்கம் பாதி ஓட்டி நிறுத்தி, மறுபக்கம் போய் மீண்டும் தொடங்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் சரியாக நடுவில், நெஞ்சுத்தகட்டுக்கு அடியில் நிற்கிறது, தொடங்குகிறது. ஸ்லாக் எனும் கசடு சிக்கிக்கொள்வதும், உலோகம் முழுதாக உருகிச் சேராமல் போவதும் அங்கேதான். மீயொலி அலையைச் செலுத்திக் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கும் அந்த நெஞ்சுத்தகடே தடை. வேலை முடிந்ததும் பேக்கிங் பட்டி அப்படியே விடப்படுகிறது; அதற்கும் தூணுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கு, பிறக்கும்போதே உள்ள வெடிப்பாகச் செயல்பட்டு, இழுவிசை வந்ததும் மேலேறுகிறது. அக்காலத்தில் வேகத்துக்காகப் பயன்படுத்திய வெல்டிங் கம்பியின் உலோகத்துக்கு அடிதாங்கும் திறனும் குறைவு. நெடுங்காலம் எல்லாரும் சரி என்று ஏற்றிருந்த முறையே தவறாக இருந்தது. அந்த வெல்டரின் கைத்திறனை மட்டும் குறை சொல்ல இங்கே இடமில்லை.

நார்த்ரிட்ஜ் கற்றுத்தந்தவற்றில் வடசென்னைக்கு நெருக்கமானது வேறொன்று. பழைய எஃகுக் கட்டடங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு தூணும் உத்தரமும் சந்திக்கும் இடத்தில் விசை தாங்கும் இணைப்பு இருந்தது. உறுப்புகள் சிறியவை, இணைப்புகள் பல. ஒன்று போனாலும் பக்கத்தில் இருப்பவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். புதிய கட்டடங்களில் செலவைக் குறைக்க, சுற்றுப்புறத்தில் ஓரிரண்டு சட்டகங்களை மட்டும் மிகத் தடிமனாக அமைத்து, மற்ற இணைப்புகளை எளிய போல்ட்டுகளோடு விட்டுவிடும் வழக்கம் வந்தது. தகடு தடிக்கத் தடிக்க வெல்டிங் கடினமாகும், நொறுங்கு முறிவுக்கான வாய்ப்பும் ஏறும். மாற்றுத் தாங்கலும் குறைவு. சரியாக ஓராண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபே நகரை அழித்த நடுக்கம் இதை உறுதிசெய்தது. நிரப்பப்பட்ட கடல்நிலத்தில் பெரும் எஃகுச் சட்டகங்களால் எழுப்பிய ஆஷியாஹாமா அடுக்குமாடிகளில், தடித்த பெட்டித் தூண்கள் குறுக்காக வெட்டியதுபோல் முறிந்திருந்தன. கட்டடங்கள் விழவில்லை; ஆனால் தடிமன் மட்டும் காவல் அல்ல என்பது யாரும் மறுக்க முடியாதபடி நிலைபெற்றது.

இந்த அனுபவங்களின் சாரம் இந்தியாவுக்கு 2007-இல் வந்து சேர்ந்தது. அதுவரை நடப்பிலிருந்த 1984-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 800, உறுப்புகளில் தகைவு அனுமதித்த அளவைத் தாண்டக்கூடாது என்பதோடு நின்றது. தாண்டினால் கட்டடம் எங்கே, எப்படி வளைய வேண்டும் என்று கேட்கவில்லை. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பின் பன்னிரண்டாம் பிரிவு அந்தக் கேள்வியைக் கேட்டது. சட்டகத்தின் இணைப்பு, அது சேர்க்கும் உத்தரத்தின் முழு நெகிழ்வுத் திறனைவிட 1.2 மடங்கு வலிமையுள்ளதாக இருக்க வேண்டும். அதாவது உத்தரம் வளைந்து தளர்ந்த பிறகும் இணைப்பு அசையக்கூடாது. சிறப்புச் சட்டகத்தில் அந்தச் சந்திப்பு 0.04 ரேடியன், ஏறத்தாழ இரண்டேகால் பாகை அளவு நெளிந்தும் முறியாமல் நிற்க வேண்டும். நிலநடுக்க விசை தாங்கும் சட்டகங்களில், முழு இழுவிசைக்கு முறுக்கிய உயர்வலிமை உராய்வுப் போல்ட்டுகளோ, துளைக்கு இறுக்கமாகக் கடைந்த போல்ட்டுகளோதான் இருக்க வேண்டும். தூண் உத்தரத்தைவிட வலிமையாக இருக்க வேண்டும். தூண் போனால் மாடியே போய்விடும், உத்தரம் வளைந்தால் தளம் தொய்வதோடு போகும். தொழிற்சாலைக் கட்டமைப்புகளுக்கு ஐ.எஸ். 1893-இன் நான்காம் பகுதி தனியாக 2005-இல் வெளிவந்து 2015-இல் திருத்தப்பட்டது. 2007-க்குப் பின் இந்த விதிகளை முழுதும் பின்பற்றி வரைந்த கட்டமைப்பு, காகிதத்தில் நார்த்ரிட்ஜுக்குப் பிந்தைய தலைமுறையைச் சேர்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

பழைய கட்டமைப்புகளைப் பற்றிப் பேசும்போது ஒரு வாதம் தவறாமல் எழும்: புயலுக்காகக் கட்டியது பூகம்பத்துக்கும் தாங்கும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. சென்னைக்கு விதிக்கப்பட்ட அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடையைச் சுவரில் சாய்த்து அழுத்துவதற்குச் சமம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது இந்தக் கணக்கின் அருமை தெரிந்தது. அகலமும் உயரமும் கொண்ட எடை குறைந்த எஃகுக் கட்டடத்தில் காற்று விசையே பெரிதாக இருக்கும். அதற்காகப் போட்ட பிரேசிங் நிலநடுக்கத்திலும் கைகொடுக்கும். ஆனால் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பது, நடுக்கமோ முன்னும் பின்னும் மாறி மாறி இழுப்பது. இழுக்கும்போது விறைப்பாக நிற்கும் மெல்லிய மூலைவிட்ட ஆங்கிள், மறுநொடி அழுத்தப்படும்போது வில்போல் வளைந்து, அடுத்த இழுப்பில் இணைப்புத்தகட்டின் போல்ட் துளையில் கிழியும். அதோடு, காற்றுக்கு எடை ஒரு பொருட்டே அல்ல. நிலநடுக்கத்துக்கு எடைதான் எல்லாம். பாய்லர் உச்சியில் தொங்கும் கட்டமைப்பில் புயல் கணக்கை மட்டும் நம்புவது பாதிக் கணக்கை நம்புவது. ரிவெட் அடித்த மிகப் பழைய சட்டகங்களுக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்: சிறு சிறு வழுக்கல்களால் ரிவெட் இணைப்பு ஆற்றலை விழுங்கும், 1906-இல் சான் பிரான்சிஸ்கோவில் செங்கல் நிரப்பிய ரிவெட் எஃகுக் கட்டடங்கள் பல தாக்குப்பிடித்தன.

இத்தனை கணக்கும் எஃகு முழுதாக இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் நிற்பது. எண்ணூர்க் கடற்கரையில் அந்த எண்ணம் ஐயத்துக்கு உரியது. உப்புக் காற்றும் நிலக்கரிப் புகையும் சாம்பல் தூளும் சேரும் இடத்தில் தூணின் அடிப்பகுதியைக் கவனித்தால் போதும். தூண் நிற்கும் அடித்தகட்டுக்கும் அதன் கீழுள்ள கிரவுட் எனும் நிரப்புக் கலவைக்கும் இடையில் மழைநீர் தேங்குகிறது; ஆங்கர் போல்ட்டின் நட்டுக்கு மேல் பெயின்ட் பளபளக்க, நட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத கழுத்தில், போல்ட் தேய்கிறது. துரு, தான் தின்ற எஃகைவிடப் பலமடங்கு இடத்தை அடைப்பதால், ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பூட்டிய இரண்டு தகடுகளுக்கு இடையில் அது ஊதிப் போல்ட்டுகளையே இழுக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு மணிபோல் ஒலிக்கும். உள்ளே அடுக்கு விட்டது மொத்தென்று ஒலிக்கும். நடுக்கத்தில் கட்டடம் சாய முயலும்போது ஒருபக்கத் தூண்களை மண்ணோடு பிடித்துவைப்பது இந்த ஆங்கர் போல்ட்தான். முப்பது மில்லிமீட்டர் விட்டம் இருபத்திரண்டாகத் தேய்ந்தால், வெட்டுமுகப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது.

துருவைவிட விரைவாக வலிமையைக் குறைப்பது மனிதக் கை. ஆண்டுகள் ஓட ஓட ஆலைகளில் புதிய குழாய், புதிய கேபிள் தட்டு, புதிய நடைபாதை வந்துகொண்டே இருக்கும். வழியில் குறுக்கே நிற்கும் மூலைவிட்டச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது தொழிற்சாலைகளை அறிந்தவர்களுக்குப் பழகிய காட்சி. வெட்டிய அன்று எதுவும் நிகழாது. அந்த மாடியின் பக்கவாட்டு விறைப்பு மட்டும் போய், மேலும் கீழும் கெட்டியாக இருக்க, நடுவில் ஒரு மாடி மட்டும் தளர்ந்து நிற்கும். தொங்கும் பாய்லர் பக்கவாட்டில் ஆடாதபடி சட்டகத்தோடு தடுக்கும் நிறுத்திகளும் இவ்வாறே பழுதுபார்ப்பின்போது கழற்றப்பட்டு, திரும்ப இடம் மாறி மாட்டப்படுவதுண்டு. பிரேசிங் முழுமை பெறாத எஃகு எவ்வளவு நொய்மையானது என்பதற்கு நிலநடுக்கம்கூடத் தேவையில்லை. 2025 செப்டம்பர் 30 அன்று, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டக் கட்டுமானத்தில், எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த எஃகு வளைவும் சாரமும் சரிந்து ஒன்பது புலம்பெயர் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கட்டி முடிந்த கட்டமைப்பின் வலிமையைப் பற்றி எழுதும் எவரும், கட்டும் நாட்களில் அதன் மேல் நிற்பவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது.

இதே கரையிலுள்ள துறைமுகங்களின் நிலை சற்று வேறு. கோபேயில் சரக்குப்பெட்டி ஏற்றும் பெரும் கிரேன்கள் விசையால் முறிந்ததைவிட, அவை நின்ற கரைச்சுவர் கடலை நோக்கி நகர்ந்ததால், இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் கூடி, கால்கள் அகன்று மடங்கியதே அதிகம். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கிரேன்களைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எஃகைப் பற்றியதல்ல, அவற்றின் அடியிலுள்ள மணலைப் பற்றியது.

பழைய கட்டமைப்புகளை எல்லாம் இடித்துக் கட்டுவது நடவாத காரியம்; தேவையும் இல்லை. ஆனால் அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நார்த்ரிட்ஜ் நடுக்கத்துக்குப் பின்பு கலிபோர்னியாவின் சான்டா மோனிக்கா நகரம் தன் பழைய எஃகுச் சட்டகக் கட்டடங்களை மதிப்பிட்டு வலுப்படுத்தும் ஆணையை 2017-இல்தான் கொண்டுவந்தது. எல்லா வசதியும் உள்ள இடத்திலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தமிழகத்தில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நிலைத்தன்மைச் சான்றிதழ் கேட்கும் விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழ், கட்டடம் இன்று நிற்கிறது என்பதற்கு மேல், அதன் வரைபடம் எந்த ஆண்டு விதித்தொகுப்பின்படி அமைந்தது, எந்தெந்த இணைப்புகள் திறந்து சோதிக்கப்பட்டன, எத்தனை பிரேசிங் சட்டங்கள் இடத்தில் இல்லை என்பதையும் சொல்வதாக மாற வேண்டும். இதற்கு வெளிநாட்டு வல்லுநர்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை: தரமணியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் நிலநடுக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதிக்கும் அதிர்வு மேடைகளும், மின்கோபுரங்களை முழு அளவில் நிறுத்திச் சோதிக்கும் களமும் இருக்கின்றன. கிண்டிப் பொறியியல் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் அருகிலேயே உள்ளன.

செலவின் வரிசையில் பார்த்தால், காணாமல்போன மூலைவிட்டச் சட்டங்களைத் திரும்பப் பொருத்துவதே மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை. அடுத்தது பாய்லர் நிறுத்திகளின் இடைவெளியை அளந்து சரிசெய்வது; பிறகு, தளர்ந்த போல்ட்டுகளுக்குப் பதிலாக உயர்வலிமை உராய்வுப் போல்ட்டுகளை மாட்டி டார்க் ரெஞ்சால் முறுக்குவது. வெல்டிங் இணைப்புகளில் எட்டும் இடங்களில் பேக்கிங் பட்டியை அகற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி மறு வெல்டிங் செய்வதும், கீழ்பட்டையின் அடியில் முக்கோணத் தாங்கல் சேர்ப்பதும் செலவு கூடியவை. அவற்றை எல்லா இணைப்புக்கும் செய்ய வேண்டியதில்லை, கணக்கு சுட்டிக்காட்டும் இணைப்புகளுக்குச் செய்தால் போதும். அந்தக் கணக்குக்கு முதலில் தேவை வரைபடம். அது கிடைக்காத இடத்தில், கடல் பக்கத்து மூலைத் தூணின் அடியில் கிரவுட்டைக் கொத்தித் திறந்து, துருவைச் சுரண்டி, ஆங்கர் போல்ட்டின் கழுத்தில் காலிப்பரை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுவதிலிருந்து வேலை தொடங்குகிறது.